வாயில் இருப்பதையே கொடுங்கள்

‘நீளக் குழாயா? அது குகைக்குள் போகிறவர்களுக்கு. நமக்கு எதற்கு?’ டைவிங் படகுகளில் இந்தப் பதில் யோசனையே இல்லாமல் வந்து விழுகிறது. பயிற்றுநர் மாணவருக்குச் சொல்கிறார், மாணவர் நாளைக்குத் தன் நண்பருக்குச் சொல்கிறார். திறந்த கடலில் பதினெட்டு, முப்பது மீட்டர் ஆழத்தில் மீன் பார்க்கப் போகிறவருக்கு மார்பில் மாட்டிய மஞ்சள் ஆக்டோபஸ் போதும், இரண்டு மீட்டர் ரப்பர் குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொள்வது வேண்டாத வேலை என்பதுதான் இன்றைக்குப் பரவலான கருத்து. இது தவறு என்று நினைக்கிறேன். அதுவும், காற்று தீர்ந்த ஒருவர் எதிரே வந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால், மிக மோசமான தவறு.

டைவிங் அறியாத வாசகருக்காகக் கருவியைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சிலிண்டரின் வாயில் மாட்டிய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஒன்பது, பத்து பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. அங்கிருந்து குழாய் வழியே வாயில் கடித்திருக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கு வருகிறது. வழக்கமான ஏற்பாட்டில் வாய்க்கு வரும் குழாய் 70 முதல் 80 சென்டிமீட்டர். வலது தோளுக்கு மேலாக வரும். இரண்டாவதாக ஒரு செகண்ட் ஸ்டேஜ், மஞ்சள் நிறத்தில், ஒரு மீட்டர் அளவான குழாயில், மார்பில் எங்கேயாவது செருகப்பட்டிருக்கும். அதுதான் ஆக்டோபஸ். கூட்டாளிக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கானது.

நீளக் குழாய் ஏற்பாடு இதைத் தலைகீழாக்குகிறது. நாம் சுவாசித்துக்கொண்டிருக்கும் செகண்ட் ஸ்டேஜ் ஒன்றரை மீட்டர் அல்லது 2.1 மீட்டர் குழாயில் இருக்கும். உதிரி, குட்டையான குழாயில், மீள்கயிறு ஒன்றால் தாடைக்கு நேர் கீழே கழுத்தில் தொங்கும். கூட்டாளிக்குக் காற்று தீர்ந்தால் வாயில் இருப்பதை எடுத்து அவருக்குக் கொடுக்கிறோம். கழுத்தில் இருப்பதை நாம் வைத்துக்கொள்கிறோம். குழாயின் நீளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த இடமாற்றத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். எதைக் கொடுப்பது என்பதுதான் முதல் கேள்வி; நீளம் அந்தக் கேள்விக்கான பதிலிலிருந்து வருவது.

காற்று தீர்ந்துவிட்டதை ஒருவர் எப்போது அறிகிறார்? மூச்சை வெளியே விட்ட பிறகு, அடுத்த மூச்சை இழுக்கும்போது. அதாவது நுரையீரல் காலியாக இருக்கும் நேரத்தில். அவருக்கு வேண்டியது நிச்சயமாக வேலை செய்யும் ஒரு செகண்ட் ஸ்டேஜ், அடுத்த சில நொடிகளில். நம் உடம்பில் இருக்கும் இரண்டில் எது நிச்சயமாக வேலை செய்கிறது? வாயில் இருப்பது. ஒரு நொடி முன்னால் அதிலிருந்துதான் மூச்சு எடுத்தோம். இதைவிட உறுதியான சோதனை கடலுக்கு அடியில் கிடையாது.

ஆக்டோபஸின் நிலை என்ன? படகில் இரண்டு முறை ஊதிப் பார்த்திருப்போம். அதன் பிறகு அது மணலில் உரசியிருக்கலாம், பவளத்தில் இடித்திருக்கலாம், பிடிப்பிலிருந்து நழுவி முதுகுப் பக்கம் மிதந்துகொண்டிருக்கலாம். வெளிமூச்சு வால்வு மடங்கிக் கிடந்தால் படகில் தெரியாது. தண்ணீருக்குள் முதல் மூச்சை இழுக்கும்போது காற்றோடு உப்புநீர் வரும்போதுதான் தெரியும். தானாகக் காற்றைக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக ஆக்டோபஸை வேண்டுமென்றே சற்று இறுக்கமாகச் சரிசெய்து வைக்கும் பழக்கமும் உண்டு. ஆக, நுரையீரல் காலியாகி நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு இழுக்கக் கடினமான, கடைசியாக எப்போது நீருக்கடியில் சோதிக்கப்பட்டது என்று தெரியாத கருவியைக் கொடுத்துவிட்டு, நிதானமாக இருக்கும் நாம் நல்லதை வைத்துக்கொள்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கழுத்தில் தொங்கும் உதிரியும் உதிரிதானே, அதுவும் பழுதாகலாமே? ஆகலாம். சோதிக்கப்படாத கருவியின் ஆபத்தை இருவரில் ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். யார் சுமப்பது? ஆக்டோபஸ் ஏற்பாடு அதைக் காற்று தீர்ந்தவர் தலையில் வைக்கிறது. நீளக் குழாய் ஏற்பாடு அதைக் கொடுப்பவர் மேல் வைக்கிறது: இப்போதுதான் முழு மூச்சு எடுத்தவர், பயப்படாதவர், தன் கருவியை அறிந்தவர், உதிரியில் தண்ணீர் வந்தால் அதை வெளியேற்றத் தெரிந்தவர். எதற்கும் வழியில்லாவிட்டால் நீளக் குழாயையே இருவரும் மாற்றி மாற்றிச் சுவாசிக்கலாம். ஆபத்தைத் தாங்க முடிந்தவரிடம் ஆபத்தை வைப்பதுதான் முறை. இதற்கு எதிராக ஒரு நல்ல வாதத்தை இதுவரை நான் கேட்டதில்லை.

‘வாயில் இருப்பதைக் கழற்றிக் கொடுத்தால் ஒருவர் ஆபத்து இருவர் ஆபத்தாகும்’ என்பார்கள். முதல் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரும் செகண்ட் ஸ்டேஜை வாயிலிருந்து எடுத்து, விட்டு, தேடிப் பிடித்து, தண்ணீரை வெளியேற்றி மறுபடி கடிக்கக் கற்கிறார். அதைவிட எளிதானது இது. உதிரி தேட வேண்டிய இடத்தில் இல்லை, தாடைக்குக் கீழே இருக்கிறது. பழகியவர்கள் கையே படாமல் தலையைக் குனிந்து கடித்துக்கொள்வார்கள். ஐந்து நொடி மூச்சில்லாமல் இருக்க முடியாது என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் சிக்கல் குழாயில் இல்லை, அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாயில் இருப்பதைக் கொடுக்கும் முறையைப் பொழுதுபோக்கு டைவிங் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஸ்கூபாப்ரோவின் ஏர்2 போல, பி.சி.டி.யில், அதாவது மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையில், காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டரும் உதிரி செகண்ட் ஸ்டேஜும் ஒன்றாகச் சேர்ந்த கருவிகள் நெடுநாளாகக் கடைகளில் இருக்கின்றன. இன்ஃப்ளேட்டர் குழாய் மிகக் குட்டை. அதை இன்னொருவருக்கு நீட்ட முடியாது. எனவே அதை வைத்திருப்பவர் வாயில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். யாரும் அதைக் குகைக்காரர் வேலை என்று ஒதுக்கவில்லை. ஆனால் அப்படிக் கொடுக்கும்போது குழாய் 75 சென்டிமீட்டர்! கொள்கை சரி, அதற்கு வேண்டிய நீளத்தை மட்டும் கொடுக்க மறுக்கிறார்கள்.

அந்த நீளம் எதற்கு என்பதற்கு வருகிறேன். காற்றைப் பகிர்வதை ஒரு நொடிச் செயலாகவே எல்லாரும் கற்பனை செய்கிறார்கள்: கொடுத்தார், வாங்கினார், முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் ஆழத்தில் காற்று தீர்கிறது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினால் 5 மீட்டர் ஆழத்தை அடைய மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே பாதுகாப்பு நிறுத்தம் 3 நிமிடம். பிறகு மேற்பரப்பு வரை இன்னும் அரை நிமிடம். கீழே ஒருவரையொருவர் பிடித்து நிதானப்பட ஒரு நிமிடம் சேர்த்தால் ஏழு நிமிடத்துக்கு மேல் இரண்டு மனிதர்கள் ஒரே சிலிண்டரோடு கட்டப்பட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆக்டோபஸ் குழாயில் அந்த ஏழு நிமிடமும் முகத்துக்கு முகம், முட்டிக்கு முட்டி, கைகோத்துத் தொங்க வேண்டும். மணிக்கட்டில் உள்ள டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்க ஒருவர் கையைத் திருப்பினால் மற்றவர் வாயிலிருந்து செகண்ட் ஸ்டேஜ் இழுபடுகிறது. நீரோட்டம் தள்ளினாலோ, படகின் நங்கூரக் கயிற்றை நோக்கி நீந்த வேண்டியிருந்தாலோ, ஒருவர் பின்னோக்கி நீந்த வேண்டும். நீளக் குழாயில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், முன்னோக்கிப் பார்த்து, அவரவர் மிதப்பை அவரவர் கவனித்துக்கொண்டு போகலாம். குழாயின் நீளம் குறுகிய பாறை இடுக்குக்கு மட்டும் உதவுவதில்லை. இந்த ஏழு நிமிடத்துக்கும் உதவுகிறது.

கணக்கைத் தொட்டுவிட்டதால் காற்றின் அளவையும் பார்த்துவிடுவோம். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிறார் என்று கொள்வோம், இருவருக்கு 60. முப்பது மீட்டரில் அழுத்தம் 4 பார் என்பதால் கீழே கழியும் ஒரு நிமிடத்துக்கு மட்டும் 240 லிட்டர். ஏற்றத்துக்குச் சுமார் 460, நிறுத்தத்துக்கு 270, கடைசி ஏற்றத்துக்கு 40. மொத்தம் ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல். நம் படகுகளில் புழங்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் அது 90 பாருக்கும் அதிகம். ஐம்பது பார் மிச்சம் வைத்தால் போதும் என்று பழகியவர்கள் இதை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். கொடுக்கக் காற்று இல்லாதவரிடம் எந்தக் குழாய் இருந்து என்ன பயன்?

குகைக்காரர் சங்கதி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஃபுளோரிடாவின் நீரூற்றுக் குகைகளிலிருந்து. 1960, 70களில் அங்கே டைவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1979இல் குகை டைவிங்குக்கு ஒரு பாதுகாப்புக் கையேடு எழுதினார். குகையில் வெளியேறும் வழி ஒன்றுதான். ஒருவர் மட்டுமே நுழையும் இடுக்குகள் உண்டு. காற்றைப் பகிரும் இருவர் வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நீந்த வேண்டும். குட்டைக் குழாயில் அது முடியாது. இரண்டு மீட்டரைத் தாண்டிய நீளம் இந்தத் தேவையிலிருந்து வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே குகைக்காரர்களில் பலர் தொடக்கத்தில் நீளக் குழாயை உதிரியாக சிலிண்டரின் பக்கவாட்டில் மடித்துச் செருகி வைத்துக்கொண்டு, குட்டைக் குழாயில்தான் சுவாசித்தார்கள். நீளத்தையே வாயில் வைத்து, கழுத்தைச் சுற்றிக் கொண்டுவரும் முறை வில்லியம் ஹோகார்த் மெயினைச் சுற்றியிருந்த டைவர்களிடம் உருப்பெற்று, பின்னால் ஜாரட் ஜப்லான்ஸ்கி 1998இல் தொடங்கிய ஜி.யூ.இ. போன்ற அமைப்புகள் வழியே உலகெங்கும் போனது. எவ்வளவு நீளம் என்பதைத்தான் குகை தீர்மானித்தது. எதை வாயில் வைப்பது என்பது காற்று தீர்ந்த மனிதனைப் பார்த்துக் கற்ற பாடம். அந்த மனிதன் கடலிலும் அதே மனிதன்தான்.

மஞ்சள் நிறம் எல்லாருக்கும் தெரியும், முன்பின் பழகாத கூட்டாளிகூட அதைக் கண்டுபிடிப்பார் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை மதிக்கிறேன். படகில் அன்றைக்குத்தான் சந்தித்தவரோடு இறங்குவது நம் ஊர்ப் பக்கம் சாதாரணம். ஆனாலும் இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. மஞ்சள் வாதத்தில், காற்று தீர்ந்தவர் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். நீளக் குழாயில் நாம் கொடுக்கிறோம். தேடுவது பதறியவர் வேலையாக இருக்கவே கூடாது. புதுச்சேரிக் கடலில் கலங்கல் வந்து கைநீளத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத நாளில், இடுப்பருகே தொங்கும் மஞ்சளைவிட, குமிழி கிளம்பும் முகம்தான் முதலில் கண்ணில் படும். அவர் கை அங்கே வந்தால் வரட்டும். நம் ஏற்பாடு அதற்காகவே செய்யப்பட்டது. மஞ்சள் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு நீளக் குழாயே மஞ்சள் நிறத்தில் கிடைக்கிறது. இறங்குவதற்கு முன் கூட்டாளியிடம் ‘உனக்குக் காற்று தீர்ந்தால் என் வாயில் இருப்பதைத் தருவேன்’ என்று ஒரு வாக்கியம் சொல்லி, ஒருமுறை செய்தும் காட்ட வேண்டும். ஆக்டோபஸ் வைத்திருப்பவருக்கும் இந்தப் பேச்சு கடமைதான். மஞ்சள் இருக்கிறது என்ற நிம்மதியில் பலர் அதைப் பேசுவதே இல்லை.

நீளக் குழாயில் மூச்சு இழுக்கக் கஷ்டம் என்ற புகாருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்பது, பத்து பார் கூடுதல் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளும்போது, குழாயின் இன்னும் ஒரு மீட்டரை நுரையீரல் உணர்வதில்லை. அப்படி உணர்ந்தால் செகண்ட் ஸ்டேஜைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும்.

குழாய் எங்கேயாவது சிக்கும் என்ற அச்சம் வேறு வகை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் உண்மை இருப்பது தவறாகச் சுற்றிய குழாயில். சரியாகச் சுற்றினால் அது உடம்போடு ஒட்டிக் கிடக்கும், எங்கும் வளையமாக வெளியே நிற்காது. 2.1 மீட்டர் குழாய் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வலப்பக்கத்திலிருந்து முதுகுக்குப் பின்னால் நேரே கீழே இறங்க வேண்டும். வலது இடுப்பில் விளக்கின் பேட்டரி டப்பாவுக்குக் கீழாக வந்து, மார்பின் குறுக்கே இடது தோளுக்கு ஏறி, கழுத்தின் பின்னால் சுற்றி, வலப்பக்கத்திலிருந்து வாய்க்கு வர வேண்டும். டப்பா இல்லாதவர் இடுப்பில் உள்ள கத்தி உறைக்குக் கீழே கொண்டுவரலாம், அல்லது மிச்சமுள்ள மடிப்பை இடுப்பு பெல்ட்டுக்குள் செருகலாம். கொடுக்கும்போது செகண்ட் ஸ்டேஜுக்கு அருகே குழாயை வலது கையால் பிடித்து, தலையைச் சற்றுக் குனிந்து, கழுத்திலிருந்து எடுத்து முன்னே நீட்டினால் மௌத்பீஸ் வாங்குபவரின் வாயைப் பார்த்தபடி, தலைகீழாகாமல் போகும். அழுத்தித் தண்ணீரை வெளியேற்றும் பொத்தானும் அவர் கைக்குத் திறந்திருக்கும். பிறகு நிதானமாக இடுப்பில் செருகிய மிச்சத்தை விடுவித்தால் முழு நீளமும் கிடைக்கும்.

இந்தப் பாதையில் வேறு எதுவும் குறுக்கே வரக் கூடாது. வந்தால் குழாய் பாதியில் மாட்டும். அதைவிடப் பெரிய துரோகம் இந்த ஏற்பாட்டுக்குக் கிடையாது. ஆகவே உடம்பில் மாட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நீளக் குழாய். கேமராக் கயிறு, மார்புப் பட்டை, இன்ஃப்ளேட்டர் குழாய் எதுவும் அதன் மேல் இருக்கக் கூடாது. முகமூடியின் பட்டையில் நிற்கும் ஸ்நார்க்கல், குழாய் தலைக்கு மேல் வரும்போது நேராக வழிமறிக்கும். அதைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இறங்கியதும், நங்கூரக் கயிறருகே, குழாயை முழுதாக விரித்து, உதிரியில் சில மூச்சு எடுத்து, மறுபடி சுற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிட வேலை. உதிரி நீருக்கடியில் சோதிக்கப்பட்டதா என்ற முந்தைய கேள்விக்கும் இதுதான் பதில்.

இரட்டை சிலிண்டர் மாட்டுகிறவர்கள் நீளக் குழாயை வலது வால்விலேயே இணைப்பதற்கும் காரணம் உண்டு. குகையிலோ கப்பல் சிதைவிலோ முன்னோக்கி நீந்தும்போது மேற்கூரையில் உரசினால் இடது வால்வின் குமிழ் மூடும் திசையிலும் வலதின் குமிழ் திறக்கும் திசையிலும் சுழலும். காற்று தீர்ந்தவருக்குக் கொடுக்கும் குழாய் தானாக மூடிக்கொள்ளும் வால்வில் இருக்கக் கூடாது. மட்டக்களப்புக்கு வெளியே ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இதைப் படகில் வைத்து யோசிக்காமல் வீட்டிலேயே யோசித்துவிட வேண்டும்.

நீளத்தைத் தேர்வதில் பிடிவாதம் தேவையில்லை. கப்பல் சிதைவுக்குள்ளோ குகைக்குள்ளோ போகிறவருக்கு 2.1 மீட்டர், அதில் பேச்சில்லை. திறந்த கடலில் ஒற்றை சிலிண்டரோடு இறங்குபவருக்கு ஒன்றரை மீட்டர் மிக நன்றாகப் பொருந்தும். அது வலது அக்குளுக்குக் கீழே வந்து மார்பைக் கடந்து கழுத்தைச் சுற்றும். இடுப்பில் செருக மிச்சமே இருக்காது. இடுப்பைப் பட்டையால் மூடும் ஜாக்கெட் வகை பி.சி.டி. அணிகிறவருக்கு இதுவே வழி. கழுத்தைச் சுற்றவே மனம் ஒப்பாதவர்கள் ஒரு மீட்டர் குழாயை அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து, செகண்ட் ஸ்டேஜில் ஒரு வளைவு இணைப்பு போட்டு, அதையே சுவாசிக்கலாம். வளைவு இணைப்பில் கசியக்கூடிய ஓ-ரிங் ஒன்று கூடுதலாக வருகிறது, பக்கம் பக்கமாக நீந்தும் வசதி குறைகிறது. ஆனாலும் நல்ல கருவியைக் கொடுப்பது என்ற தலையாய விஷயம் அதில் காப்பாற்றப்படுகிறது. பொருளைப் பொறுத்தவரை என் தேர்வு பழைய ரப்பர்தான். பின்னல் உறை போட்ட குழாய்கள் இலேசானவை, எப்படியும் வளையும்; அந்தக் குணமே அவற்றைக் கழுத்தில் ஒழுங்காகப் படுக்கவிடாமல் மிதந்து வளையமாக நிற்கச் செய்கிறது. வெப்பக் கடல்களில் சில பின்னல் குழாய்களின் உள்குழாய் சிதைந்து படிகமாகிக் காற்றை அடைத்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. ரப்பர் வெடிப்பு விட்டால் கண்ணுக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பு சரியாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து, வாடகைக் கருவியில் இரண்டு டைவ் அடித்துவிட்டுப் போகிறவருக்கு, பயிற்சியே இல்லாமல் 2.1 மீட்டர் குழாயை மாட்டிவிடுவது நியாயமில்லை. பயிலாத கையில் அது சிக்கல்தான். ஆனால் அந்த விருந்தாளியின் பேரைச் சொல்லிக்கொண்டு, நாள்தோறும் தண்ணீரில் இருக்கும் வழிகாட்டிகளும் பயிற்றுநர்களும் தங்கள் மார்பிலும் அதே குட்டை ஆக்டோபஸையே மாட்டிக்கொண்டு இறங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்தப் படகில் காற்றைக் கொடுக்க வேண்டிய நிலை யாருக்காவது வருமென்றால் அது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் வரும். எதிரே வருபவர் யார், என்ன பயின்றவர், எதைப் பிடித்து இழுப்பார் என்று அவர்களால் சொல்ல முடியாது. விருந்தாளியின் வாடகைக் கருவி எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்; வழிகாட்டியின் கருவியில் ஒன்றரை மீட்டர் ரப்பர் குழாய் ஒன்றும், கழுத்துக்கு ஒரு மீள்கயிறும் போதும். ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜைப் பழுதுபார்க்கும் நாளில், ஸ்பானரைக் கையில் எடுத்த கையோடு செய்து முடிக்கக்கூடிய மாற்றம் அது. டைவிங் மையங்கள் அங்கிருந்து தொடங்கலாம். அடுத்த பருவத்துக்கு முன்பே தொடங்கலாம்.